ஐந்து வண்டி வைத்திருப்பவர் அமெரிக்க ராணுவச் சரக்கை ஏற்ற முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இரவுப் பணியில் அமெரிக்க டிரக் கம்பெனிகளுக்கு டிஸ்பாட்ச், அதாவது லோடு பிடித்து வண்டிகளை அனுப்பும் வேலை, பார்க்கிறீர்கள். டெக்சாஸில் ஐந்து வண்டி வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளர், மிலிட்டரி லோடில் நல்ல ரேட் கிடைக்குமாம், அதைப் பிடித்துக் கொடுங்கள் என்கிறார். 3,000 டாலர் கொடுத்தால் இரண்டு வாரத்தில் ராணுவ அனுமதி வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. அந்த அனுமதி என்றால் என்ன, பணத்தைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ராணுவம் தன் சரக்கை ஏற்ற அனுமதித்த கேரியர்களின், அதாவது டிரக் கம்பெனிகளின், பட்டியலுக்குள் அவருடைய கம்பெனியால் இன்றைய நிலையில் போக முடியுமா என்பது ஒன்று. போனால் லோடு வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைத்ததும் இரண்டாவதற்கும் அதே பதில்தான் என்று நினைத்துப் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

நான் மிசௌரி மாநிலத்தில் ஒரு டிரக் கம்பெனியின் சேஃப்டி அலுவலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் ராணுவச் சரக்கு தொடர்பான ஃபைல்கள் எல்லாம் என் மேசையில்தான் இருந்தன. என் அனுபவம் சாலைப் போக்குவரத்தில் மட்டும்தான். ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நடைமுறைகள் உண்டு, அவற்றுக்குள் நான் போகவில்லை. படைவீரர்களின் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுவதும் முற்றிலும் வேறு திட்டம். ஆகவே கீழே வருவதெல்லாம் டிரக்கில் போகும் படைத்துறைச் சரக்கைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ராணுவத் தளத்தின் வாசலுக்குப் போகும் சரக்கு எல்லாமே ராணுவம் அனுப்பும் சரக்கு ஆகிவிடாது. டயர் செய்யும் ஒரு கம்பெனி டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் பிளிஸ் தளத்துக்கு டயர் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி வரைக்கும் செலவும் பொறுப்பும் விற்பவருடையது என்று ஒப்பந்தம் சொன்னால், வண்டியைப் பிடிப்பதும் வாடகை கொடுப்பதும் அந்த டயர் கம்பெனிதான். அங்கே ராணுவத்தின் கேரியர் பட்டியலுக்கு வேலையே இல்லை. சாதாரண உரிமமும் இன்சூரன்ஸும் உள்ள எந்தக் கம்பெனியும் அதை ஏற்றலாம். லோடுகளைப் பட்டியலிடும் இணையதளமான லோடு போர்டில் 'மிலிட்டரி' என்று எழுதி வரும் லோடுகளில் கணிசமானவை இந்த வகை. உங்கள் வாடிக்கையாளர் இதை நாளைக்கே செய்யலாம், யாருக்கும் 3,000 டாலர் தர வேண்டியதில்லை.

அதற்கு வேண்டியது கேட்டைத் தாண்டக்கூடிய டிரைவர். ரியல் ஐடி எனப்படும் கூட்டாட்சி அடையாளத் தரத்தில் உள்ள லைசென்ஸ், காலாவதியாகாத வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ் தாள், சரக்கோடு போகும் பில்லில் இருக்கும் பெயரும் வண்டிக் கதவில் எழுதியிருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பது, இவ்வளவும் சரியாக இருக்க வேண்டும். துறைமுகங்களுக்கான டிவிக் அட்டை இருந்தால் பல தளங்களில் வேலை சுலபமாகும். கேபினில் சொந்தத் துப்பாக்கி வைத்துக்கொண்டு தளத்துக்குள் போக முடியாது. டெக்சாஸ் டிரைவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் நேரில் கேட்டே அனுப்புங்கள், ஏனென்றால் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கிதானே என்ற எண்ணத்தில் பலர் மறந்துவிடுவார்கள். குடியுரிமை இல்லாத, கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் டிரைவரை அனுமதிப்பது தளத்துக்குத் தளம் வேறுபடும். அனுப்பும் முன் அந்தத் தளத்தின் பார்வையாளர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. அப்புறம், அரசு விடுமுறை நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்த வண்டி செவ்வாய்க்கிழமை வரை வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட நிஜமான பட்டியலுக்கு வருகிறேன். பாதுகாப்புத் துறையே வாடகை கொடுத்து அனுப்பும் தரைவழிச் சரக்கை, இல்லினாய் மாநிலத்தின் ஸ்காட் விமானப்படைத் தளத்தில் தலைமையகம் கொண்ட ஒரு ராணுவக் கட்டளையகம் நிர்வகிக்கிறது. 2004 வரை அதன் பெயர் எம்டிஎம்சி. அதன் பிறகு நெடுங்காலம் எஸ்டிடிசி என்ற பெயரில்தான் டிரக் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப்பலகை அவ்வப்போது மாறும், வேலை அதேதான். கேரியர்கள் பதிவு செய்யும் திட்டத்துக்கு ஃபிரெய்ட் கேரியர் ரெஜிஸ்ட்ரேஷன் புரோகிராம் என்று பெயர். என்னென்ன தகுதி வேண்டும், என்ன செய்தால் வெளியே போவீர்கள் என்பதெல்லாம் மிலிட்டரி ஃபிரெய்ட் டிராஃபிக் யூனிஃபைடு ரூல்ஸ் பப்ளிகேஷன் என்ற ஒரே ஆவணத்தில் இருக்கிறது. அது பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும். நாங்கள் அலுவலகத்தில் அதை 'ரூல்ஸ் புத்தகம்' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் புத்தகம் முதலில் பார்ப்பது கம்பெனியின் வயதை. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கேற்றும் உரிமம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அந்த உரிமத்தில் மூன்று வருடமாவது இடைவெளியில்லாமல் ஓடியிருக்க வேண்டும். ஏன் மூன்று வருடம் என்று உங்கள் வாடிக்கையாளர் கேட்பார். புதிதாக டிஓடி நம்பர் (போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வாங்கும் எந்தக் கம்பெனியையும் ஃபெடரல் மோட்டார் கேரியர் சேஃப்டி அட்மினிஸ்ட்ரேஷன் என்ற கூட்டாட்சி அமைப்பு முதல் 18 மாதம் தனிக் கண்காணிப்பில் வைக்கிறது. அந்தக் காலத்துக்குள் ஒரு சேஃப்டி ஆடிட்டும் நடக்கும். அதைத் தாண்டிய பிறகும் சாலைச் சோதனைகள், விபத்துகள் என்று ஓரளவு பதிவு சேர்ந்தால்தான் அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியும். டிரக் தொழிலில் கெட்ட பெயர் வந்ததும் பழைய கம்பெனியை மூடிவிட்டு, மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ புது நம்பர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருட விதி அவர்களையும் சேர்த்தே தடுக்கிறது. நல்ல புதுக் கம்பெனிகளுக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்தது ஸ்காக் எனப்படும் குறியீடு. இரண்டு முதல் நான்கு எழுத்துகள் கொண்ட இது கம்பெனியின் அடையாளம். நேஷனல் மோட்டார் ஃபிரெய்ட் டிராஃபிக் அசோசியேஷன் என்ற தனியார் சங்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைத் தருகிறது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ராணுவத்தின் பில்லில், பணம் வருவதில், புகாரில் எல்லாவற்றிலும் உங்கள் கம்பெனி இந்த எழுத்துகளாகத்தான் தெரியும். விண்ணப்பங்கள் திரும்பி வர நான் பார்த்த முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. டிஓடி பதிவில் ஒரு பெயர், இன்சூரன்ஸில் 'எல்எல்சி' சேர்த்து ஒரு பெயர், பாண்டு எனப்படும் பிணைப் பத்திரத்தில் தொழிற்பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். முதலாளிக்கு மூன்றும் தான்தான் என்று தெரியும். ஃபைலைத் திறப்பவருக்கு அவை மூன்று கம்பெனிகள். ஒரு முற்றுப்புள்ளி, ஒரு 'அண்ட்' முதற்கொண்டு எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் உட்கார்ந்தே நீங்கள் அவருக்குச் செய்து தரக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, மாநிலம் விட்டு மாநிலம் பெரிய டிரக்கில் சாதாரணச் சரக்கை வாடகைக்கு ஏற்றும் எவருக்கும் சட்டப்படி 7,50,000 டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்தாக வேண்டும். வெடிபொருள் ஏற்றினால் அது 50 லட்சம் டாலர். இவை கூட்டாட்சிச் சட்டத்தில் எழுதப்பட்ட தொகைகள், உறுதியாகச் சொல்லலாம். சரக்குச் சேதத்துக்கான கார்கோ இன்சூரன்ஸ் தனி. நான் ஃபைல் பார்த்த காலத்தில் ராணுவம் கேட்டது 1,50,000 டாலர். சின்ன கம்பெனிகள் வழக்கமாக எடுப்பது ஒரு லட்சம் டாலர் பாலிசி என்பதால் இங்கே பலருக்குக் குறையும். இன்சூரன்ஸ் சான்று ஒரு நாள் காலாவதியானாலும் பட்டியலில் உங்கள் நிலை மாறிவிடும். பிரீமியத்தைக் கட்டியிருப்பீர்கள், புதுச் சான்று மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது, அதுவரை லோடு நின்றுவிடும்.

பாண்டு பற்றித்தான் அதிகத் தவறான தகவல் உலவுகிறது. பதிவு செய்யும் கம்பெனி ஒரு பெர்ஃபார்மன்ஸ் பாண்டு தர வேண்டும். நான் பார்த்த காலத்துக் கணக்கு இது: மூன்று மாநிலங்களுக்குள் ஓடுவதாகச் சொன்னால் 25,000 டாலர், நான்கு முதல் பதினைந்து வரை என்றால் 50,000, அதற்கு மேல் போனால் 1,00,000. புரோக்கர்களுக்கும், சரக்கைத் தம் பொறுப்பில் வாங்கிப் பிறர் வண்டியில் அனுப்பும் ஃபார்வர்டர்களுக்கும் நேராக 1,00,000. இந்த முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்து பாண்டு கம்பெனி வருட பிரீமியம் வாங்கும். ஆனால் அந்தக் கம்பெனி கருவூலத் துறை அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். இந்தப் பாண்டு, சரக்கு உடைந்தாலோ தாமதமானாலோ ஈடு கட்டுவதற்கானதும் இல்லை. கேரியர் திவாலாகியோ கைவிட்டோ சரக்கு நடுவழியில் நின்றால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுக்கு அரசு பிடித்து வைத்திருக்கும் பிணை அது. இன்சூரன்ஸ் இருக்கிறதே, பாண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சேஃப்டி பதிவு என்று வரும்போது கூட்டாட்சி அமைப்பு தரும் மதிப்பீடு மூன்று: சாட்டிஸ்ஃபாக்டரி, கண்டிஷனல், அன்சாட்டிஸ்ஃபாக்டரி. கடைசி மதிப்பீடு வந்தால் ராணுவச் சரக்கை விடுங்கள், தொழிலே நிற்கும். கண்டிஷனல் இருந்தால் அதைச் சரி செய்யாமல் ராணுவப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் ஆலோசனை. இந்த மதிப்பீட்டைத் தவிர, 2010 முதல் நடைமுறையில் உள்ள சிஎஸ்ஏ முறையில் ஏழு பிரிவுகளில் மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். ஆபத்தாக ஓட்டுவது, ஓட்டும் நேர விதியை மீறுவது, டிரைவரின் தகுதி, போதைப்பொருளும் மதுவும், வண்டிப் பராமரிப்பு, அபாயப் பொருள் விதி, விபத்து. இங்கே எண் ஏறினால் மோசம். ஐந்து வண்டிக் கம்பெனிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நூறு வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டு மோசமான சோதனை கரைந்துபோகும், ஐந்து வண்டிக்காரரின் எண்ணை அதே இரண்டும் தூக்கிவிடும். பிரேக்கும் விளக்கும் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். சாலைச் சோதனையில் அதிகமாகப் பிடிபடுவது இந்த இரண்டுதான்.

இவையெல்லாம் முடிந்து பதிவு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அது பட்டியலில் இடம், அவ்வளவுதான். லோடு தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கேரியர் தன் ரேட்டை டெண்டராக அரசின் குளோபல் ஃபிரெய்ட் மேனேஜ்மென்ட் முறையில் பதிய வேண்டும். எந்த வழித்தடம், என்ன டிரெய்லர், மைலுக்கு எவ்வளவு என்று. சரக்கு அனுப்பும் ஒவ்வொரு தளத்திலும் டிரான்ஸ்போர்டேஷன் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். பென்சில்வேனியாவில் சஸ்குஹானா, கலிபோர்னியாவில் சான் வாக்கீன் போன்ற பெரிய கிடங்குகளில் தினமும் நிறைய லோடு கிளம்பும். அந்த அதிகாரி ரேட்டையும் பார்ப்பார், இதுவரை நேரத்துக்கு எடுத்தீர்களா, கொண்டு சேர்த்தீர்களா என்பதையும் பார்ப்பார். ஏற்கெனவே பல வருடம் ஓடுபவர்கள் அதே தடத்தில் ரேட் போட்டு வைத்திருப்பார்கள். பதிவு கிடைத்து எட்டு மாதம் ஒரு லோடுகூட வராத கம்பெனியை எனக்குத் தெரியும். முதலில் வந்த லோடு எல்லோரும் தவிர்த்த ஒரு மலைப்பாதைத் தடம். அதை எடுத்து, நேரத்துக்குச் சேர்த்து, அப்படித்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். பணம் அரசு நேராகச் செக் எழுதித் தருவதாக இல்லாமல், யுஎஸ் பேங்க் நடத்தும் மின்னணு முறை வழியாக வரும். ஒழுங்காகவே வரும்.

உங்கள் வேலையைத் தொடும் ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அரசு அமைப்புகளுக்குள் நுழைய டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அது கம்பெனிக்குத் தரப்படுவதில்லை, அடையாளம் சரிபார்த்து ஒரு தனி நபருக்குத் தரப்படுகிறது. முதலாளி தன் சான்றிதழையும் கடவுச்சொல்லையும் அனுப்பி, நீங்களே உள்ளே போய் லோடு எடுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ரேட் கணக்குப் போடுவது, டிரைவரின் தாள்களைச் சரிபார்ப்பது, காலாவதி தேதிகளைக் கண்காணிப்பது, சாதாரண வணிக லோடுகளைப் பார்ப்பது என்று சென்னையிலிருந்து செய்ய நிறைய இருக்கிறது. ஆயுதம், வெடிமருந்து லோடுகளின் பக்கம் மட்டும் அமெரிக்காவுக்கு வெளியே இருந்துகொண்டு போகவே கூடாது.

அடுத்து, லோடைக் கைமாற்றுவது. புரோக்கர்களும் ராணுவத்திடம் பதிவு செய்யலாம், ஆனால் புரோக்கர் என்றே பதிவு செய்ய வேண்டும். கேரியராகப் பதிவு செய்தவர் தன் பெயரில் வாங்கிய லோடை இன்னொருவரிடம் தள்ளிவிடுவது விதிமீறல். சாதாரண சந்தையில் தினமும் நடக்கும் இந்தப் பழக்கம் இங்கே கம்பெனியையே கவிழ்க்கும். நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இண்டியானாவில் எங்கள் வண்டி ஒன்று பழுதாகி நின்றது. உள்ளே ராணுவ வண்டிகளுக்கான உதிரிபாகங்கள். டிஸ்பாட்சில் புதிதாகச் சேர்ந்த பையன், சரக்கு நேரத்துக்குப் போக வேண்டுமே என்ற நல்ல எண்ணத்தில், தெரிந்த ஒருவரின் வண்டிக்கு டிரெய்லரை மாற்றி அனுப்பிவிட்டான். அனுப்பிய தளத்துக்குத் தகவல் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் காவலர் பில்லைப் பார்த்தார், வண்டிக் கதவைப் பார்த்தார், பெயர் வேறாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார். சரக்கில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. இருந்தும் எங்களுக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது, அந்தத் தளத்திலிருந்து மூன்று மாதம் லோடு நின்றது. பழுதாகி நின்ற உடனே அனுப்பிய அதிகாரிக்கு ஒரு போன் போட்டிருந்தால் மாற்று ஏற்பாடு முறையாகவே நடந்திருக்கும்.

ஒரு பெட்டிகூடக் குறையாதபோது ஏன் இவ்வளவு கடுமை என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். நான் அவனுக்குச் சொன்னது 1984 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடந்ததை. கொலராடோவின் டென்வர் நகரில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தை மவுஸ்டிராப், அதாவது எலிப்பொறி, என்பார்கள். கடற்படையின் டார்பிடோக்களை ஏற்றிய டிரக் அங்கே கவிழ்ந்தது. நகரத்தின் நடுவே சாலையை மூடிவிட்டு, வண்டிக்குள் என்ன இருக்கிறது, எப்படிக் கையாள வேண்டும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆளைத் தேடி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1985 ஆகஸ்ட் 4ஆம் தேதி, ஓக்லஹோமாவின் சிகோட்டா அருகே நெடுஞ்சாலை 40இல் ராணுவ வெடிகுண்டுகள் ஏற்றிய டிரக் ஒரு காருடன் மோதித் தீப்பிடித்தது. குண்டுகள் வெடித்துச் சாலையில் பெரும் பள்ளம் விழுந்தது, சுற்றியிருந்த வீடுகள் சேதமாயின, ஊர் மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. இந்த இரண்டு விபத்துகளையும் அடுத்துத்தான் வெடிமருந்து வண்டிகளை இருபத்திநான்கு மணிநேரமும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கும் முறையைக் கடற்படை உருவாக்கியது. பிறகு அது எல்லாப் படைகளுக்கும் பொதுவானது. இந்த நிமிடம் சரக்கு யார் கையில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும். ரூல்ஸ் புத்தகத்தின் பல விதிகள் இதற்காகவே எழுதப்பட்டவை. பெயர்ப் பொருத்தமும் கைமாற்றத் தடையும் அதில் சேர்ந்தவைதான்.

உங்கள் வாடிக்கையாளர் கேள்விப்பட்ட நல்ல ரேட் பெரும்பாலும் இந்த ஆயுத, வெடிமருந்து லோடுகளின் ரேட்டாகத்தான் இருக்கும். ரேட் ஏன் அதிகம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சரக்கின் ஆபத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரிப்பார்கள். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் போன்ற ஏவுகணைகள் முதல் வகை, தானியங்கித் துப்பாக்கிகள் இரண்டாம் வகை, இப்படி இறங்கும். வகைக்கு ஏற்ற பாதுகாப்புச் சேவையைக் கேரியர் தர வேண்டும். இரண்டு டிரைவர்கள், அவர்களில் ஒருவர் எப்போதும் விழித்து வண்டியைக் காவல் காப்பது, செயற்கைக்கோள் கருவி, அவசரப் பொத்தான், முன்னால் இழுக்கும் எஞ்சின் வண்டியான டிராக்டரிலிருந்து டிரெய்லர் பிரிந்தால் தெரியும் கருவி, சிலவற்றுக்கு முன்னும் பின்னும் காவல் வண்டி. வெடிபொருளுக்கான கூட்டாட்சி விதியின்படியே வண்டியைத் தனியாக விட முடியாது. டிரைவர் வண்டிக்குள் விழித்திருக்க வேண்டும், அல்லது மறைப்பில்லாமல் வண்டியைப் பார்த்தபடி நூறு அடிக்குள் இருக்க வேண்டும். தூங்கும் படுக்கையில் இருப்பது கணக்கில் வராது. பாதை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். கிளம்பும் முன் ராணுவ ஆய்வாளர் வண்டியை ஒரு படிவம் வைத்து அச்சு, பிரேக், டயர் என்று தடவிப் பார்ப்பார். ஒன்று தவறினாலும் லோடு ஏறாது. வழியில் புயலோ பழுதோ வந்தால் ஏதாவது டிரக் ஸ்டாப்பில் ஒதுங்க முடியாது, அருகிலுள்ள ராணுவத் தளத்தில் பாதுகாப்பான இடம் கேட்க வேண்டும்.

இதற்கு மேல், கூட்டாட்சியின் வெடிபொருள் வகைப்பாட்டில் (மேலே சொன்ன நான்கு வகை வேறு) முதல் மூன்று பிரிவில் வருவதை 25 கிலோவுக்கு அதிகமாக ஏற்ற, 2005 முதல் ஹஸ்மட் சேஃப்டி பெர்மிட் எனப்படும் அபாயப் பொருள் அனுமதி கட்டாயம். அதற்கு சாட்டிஸ்ஃபாக்டரி மதிப்பீடு வேண்டும். டிரைவர்களுக்குப் பின்னணி விசாரணை உண்டு. ரகசியம் என்று முத்திரையிட்ட சரக்குக்கு டிரைவர்கள் அமெரிக்கக் குடிமக்களாக, பாதுகாப்பு அனுமதி பெற்றவர்களாக இருக்க வேண்டும், கம்பெனிக்கே அனுமதி வேண்டும். அந்தக் கம்பெனி அனுமதியை நீங்களாக விண்ணப்பித்து வாங்க முடியாது. அரசு அமைப்போ ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒப்பந்ததாரரோ உங்களை முன்மொழிய வேண்டும், கம்பெனியில் வெளிநாட்டு முதலீடோ கட்டுப்பாடோ இருக்கிறதா என்று தோண்டுவார்கள். இந்த வகைச் சரக்கைப் புரோக்கர் மூலம் அனுப்ப இடமில்லை, ஒரே ஒரு டிரிப்புக்கு வண்டியை வாடகைக்கு எடுத்து ஏற்றவும் முடியாது. அப்புறம் இந்த லோடுகள் கிளம்பும் இடங்களைப் பாருங்கள்: ஓக்லஹோமாவின் மெக்அலெஸ்டர், நெவாடா பாலைவனத்தில் ஹாத்தார்ன், போய்ச் சேரும் இடங்களில் ஒன்று வட கரோலினாவின் சன்னி பாயிண்ட் துறைமுகம். திரும்பும்போது இதே டிரெய்லருக்கு லோடு கிடைப்பது அரிது. இரண்டு டிரைவர் சம்பளத்தையும் காலியாக ஓடும் மைல்களையும் கழித்தால், கேட்க அழகாக இருக்கும் ரேட் பாதியாகிவிடும். இந்தத் தொழிலை நன்றாகச் செய்யும் கம்பெனிகள் பல வருடம் முதலீடு போட்டு இதற்கென்றே உருவானவை. ஐந்து வண்டியோடு ஒருவர் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவருக்குப் பொருந்தும் வழி வேறு இருக்கிறது. பாதுகாப்புத் துறை தன் கிடங்குகளின் சாதாரணச் சரக்கில் ஒரு பெரும் பகுதியை ஒரே ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை 2007இல் மென்லோ கம்பெனியுடன் தொடங்கியது. 2016இல் அடுத்த ஒப்பந்தம் கிரௌலிக்குப் போனது. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் முதன்மை ஒப்பந்ததாரர் தனக்குக் கீழே நிறைய டிரக் கம்பெனிகளைச் சேர்த்துக்கொள்வார், சின்ன கம்பெனிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்த முதன்மை ஒப்பந்ததாரர் தான் கேட்கும் தகுதிகளைத் தானே சரிபார்ப்பார். இதைப் போலவே ராணுவத்திடம் முறையாகப் பதிவு செய்த புரோக்கரிடம் வெளிப்படையாகக் கேரியராகச் சேரலாம். மைலுக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் தளங்களுக்குப் போய் வரும் பழக்கமும் நேரத்துக்குச் சேர்த்த பதிவும் சேரும்.

சரி, அந்த 3,000 டாலர். கேரியர் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. அரசு ஒப்பந்தங்களுக்கான சாம் தளத்தில் பதிவு செய்வதும் இலவசம். பெரும்பாலும் இந்த ஏஜென்சிகள் செய்து தருவது அந்த சாம் பதிவைத்தான், அதற்கும் டிரக் கேரியர் பதிவுக்கும் பெரிய தொடர்பில்லை. படிவம் நிரப்பித் தருவதற்கு ஒருவர் நியாயமான கூலி வாங்குவதில் தவறில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் அனுமதி, நிச்சயம் லோடு என்று சொல்பவர் பொய் சொல்கிறார். மூன்று வருட அனுபவத்தை யாராலும் இரண்டு வாரத்தில் வாங்கித் தர முடியாது. ஏற்கெனவே பதிவான இன்னொரு கம்பெனியின் ஸ்காக் குறியீட்டில் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். அது மோசடி, பிடிபட்டால் வண்டிகளின் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்புக் காப்பீட்டுத் தொகை, பெர்மிட், வண்டியைக் காவல் காப்பது ஆகியவை கூட்டாட்சிச் சட்ட விதிகள், அவ்வளவு எளிதில் மாறாதவை. பாண்டுத் தொகை, கார்கோ இன்சூரன்ஸ் வரம்பு ஆகியவை ரூல்ஸ் புத்தகத்தைச் சேர்ந்தவை. அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், ஆகவே என் எண்களை வைத்துப் பணம் கட்டாதீர்கள், புதிய பதிப்பைத் திறந்து பாருங்கள். பதிவு எல்லா நாளும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம், அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். ரேட் பற்றி, போட்டி பற்றி நான் சொன்னதெல்லாம் நான் இருந்த கம்பெனியின் தடங்களில் பார்த்தது. டெக்சாஸ் தடங்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

இன்றிரவு அவரிடம் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். உரிமம் எந்தத் தேதியில் செயலுக்கு வந்தது, நடுவில் எப்போதாவது ரத்தானதா? சேஃப்டி மதிப்பீடு என்ன, வண்டிப் பராமரிப்பில் அவருடைய எண் எங்கே நிற்கிறது? கார்கோ பாலிசி எவ்வளவு? முதல் கேள்விக்கு மூன்று வருடத்துக்குக் குறைவான பதில் வந்தால், அதுவரை தளங்களுக்குப் போகும் வணிக லோடுகளை எடுக்கட்டும். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாள்களில் பெயர் சரிபார்க்கும் வேலையைத் தொடங்குங்கள். சிக்கல் வந்தால் இங்கேயே கேளுங்கள், கம்பெனி பெயரையும் டிஓடி நம்பரையும் மறைத்துவிட்டுக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.